கேட்டால்தான் தீட்டு

மலையாள வைத்தியத்தில் நல்லிருக்கை என்று ஒரு தண்டனை உண்டு. எண்ணெய், கிழி ஒத்தடம், உழிச்சில் என்கிற தடவல் எல்லாம் எத்தனை நாள் நடக்கிறதோ, அது முடிந்த பிறகு அத்தனை நாள் ஒன்றும் செய்யாமல் வெறுமனே இருக்க வேண்டும். வெயில் படக்கூடாது, காற்றுப் படக்கூடாது, பகலில் தூங்கக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது, வண்டி ஏறக்கூடாது, பச்சைத் தண்ணீரைத் தலையில் விடக்கூடாது. இதெல்லாம்கூடப் போகட்டும். கோபப்படக்கூடாது, அழக்கூடாது என்று கடைசியில் இரண்டு சேர்த்திருக்கிறார்களே, அதைச் சேர்த்தவர் நிச்சயம் ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். வீட்டில் ஒரு பெண்பிள்ளை அழாமலும் கோபப்படாமலும் கிடந்தால் யாருக்குச் சௌகரியம் என்று சொல்லத் தேவையில்லை.

நானோ மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு பிறந்தவள். ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. பெருமாள் கோவிலைச் சுற்றிய கோட்டைக்குள் எங்கள் தெருவுக்கு மின்சார விளக்கு வந்த புதிதில், அதைப் போட்டும் அணைத்தும் பார்த்துக்கொண்டே இருந்ததற்காக என் கணவரிடம் பேச்சு வாங்கியவள். அப்படிப்பட்டவளுக்குத்தான் முப்பதைத் தாண்டிய வயதில் வலது தோள் பூட்டிக்கொண்டது. கை தோளுக்கு மேலே எழும்பாது. தலை பின்னிக்கொள்ள முடியாது, கிணற்றுக் கயிறு இழுக்க முடியாது. எங்களோடு இருந்த என் நாத்தனார் குழந்தைக்கு ஊற்றுவதுபோல் எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். சிறு வயதிலேயே கணவனை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். வாய் ஓயாமல் பேசுவாள். குளிப்பாட்டும்போதும் பேசுவாள். எனக்கு மூச்சு விடவும் இடம் இருக்காது.

பார்க்காத வைத்தியம் இல்லை. ஆஸ்பத்திரித் தைலம் தோலை உரித்தது. சுக்குப் பற்று எரிந்தது. என் கணவரோடு சர்க்கார் கச்சேரியில் வேலை பார்த்த ஒருவர் ஜெர்மன் வைத்தியப் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு வெள்ளை வெள்ளையாகச் சின்ன உருண்டைகள் கொடுத்தார். இனிப்பாக இருந்தன. என் பிள்ளைகள் இருவரும் திருடித் தின்று தீர்த்தார்கள், அவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மலையாள வைத்தியர் வந்து தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி, பிறக்கட்டும், கிழி போடலாம் என்றார்.

அந்தச் செய்தி கேட்டு ஆனி மாதக் கடைசியில் என் அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தார். அம்மா போய் வெகுகாலமாயிற்று. அப்பா அங்கே என் தம்பியோடு இருந்தார். கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார். அந்தக் கால் கதை எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அவரும் ஒரு காலத்தில் முழங்கால் வலிக்கு இதே வைத்தியம் செய்துகொண்டவர்தான். நல்லிருக்கையில் பாதி நாள் கழிந்தபோது ஊரில் தேர். மேளச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடிப்போய் வடம் பிடித்துவிட்டார். தேர் நிலைக்கு வந்தது, அப்பாவின் கால் நிலைக்கு வரவில்லை. நான் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறேன் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் அந்தத் தடவை கால் அல்ல என் கண்ணில் பட்டது. ரேழியைத் தாண்டுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சு ஏறி இறங்கியது.

“மூச்சு வாங்கறதே அப்பா?”

“பஸ்ஸிலே அத்தனை தூரம் குலுங்கி வந்தா வாங்காதாக்கும்? அதை விடு, கையைத் தூக்கு பார்ப்போம்.”

தூக்கினேன். தோள் மட்டத்தில் நின்றது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

“இதோ பாருங்கோ, நான் உங்களோட ஊருக்கு வரேன்” என்றேன். “செத்த நாள் உங்களைப் பார்த்துண்டு இருந்துட்டு, கை வைத்தியத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.”

“வேண்டா. கர்க்கடகத்திலேதான் உடம்பிலே எண்ணெய் பிடிக்கும், இதை விட்டா ஒரு வருஷம் போச்சு. பாதியிலே எழுந்து ஓடினவனோட காலைப் பாருடீ. நீ முழுசா முடி. முடிச்சுட்டு ஓணத்துக்கு முன்னே ஊருக்கு வா. கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டு. அது போறும் எனக்கு.”

சத்தியம் செய்யச் சொன்னார். வலது கை எழும்பாததால் இடது கையால் அவர் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தேன். “இடது கைச் சத்தியம் செல்லாது மன்னி!” என்று நாத்தனார் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார், சிரித்ததற்கும் அவருக்கு மூச்சு வாங்கியது.

கர்க்கடகம் பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளை அடுத்த தெருவில் இருந்த கொழுந்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காமிரா உள் என்கிற சின்ன அறையில் ஜன்னலை அடைத்து, ஒரு பலகையில் என்னைக் கிடத்தினார்கள். வைத்தியர் அனுப்பிய இரண்டு பெண்கள், கொல்லையில் தனியடுப்பு மூட்டி, குறுந்தோட்டிக் கஷாயத்திலும் பாலிலும் நவர அரிசியை வேகவைத்து, அதைத் துணியில் முடிந்து, சுடச்சுட என் தோளிலும் முதுகிலும் ஒற்றித் தேய்ப்பார்கள். ஒரு முடிச்சு ஆறும்போது மற்றொன்று பாலில் கிடக்கும். உடம்பெல்லாம் கஞ்சியும் எண்ணெயுமாகப் பலகையில் வழுக்கிக்கொண்டு கிடப்பேன். பிறகு வாழையிலை நறுக்கால் அதை வழித்தெடுத்து, கழுத்துக்குக் கீழே இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர் ஊற்றுவார்கள். சாப்பாட்டுக்குக் கஞ்சியும் பயறும். புளி இல்லை, மிளகாய் இல்லை. வாயில் வைத்தால் வைத்ததே தெரியாது. ஆனாலும் சிகிச்சை நடந்த நாட்களைக் கழித்துவிட்டேன். யாராவது நம்மேல் வேலை செய்துகொண்டிருந்தால், நாமே ஏதோ செய்துகொண்டிருப்பதுபோல் ஒரு நினைப்பு வரும் அல்லவா?

நல்லிருக்கை தொடங்கியதும் அந்த நினைப்பும் போயிற்று. வைத்தியர் வாசற்படிக்கு வெளியே நின்று கண்டிப்பாகச் சொன்னார்: “தேஷ்யப்படருது. கரயருது. மனசு இளகியால் மருந்து பலிக்கில்ல.” கோபமும் கூடாது, அழுகையும் கூடாது, மனசு கலங்கினால் செய்த வைத்தியம் வீண். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, என் கணவரைப் பார்த்தார். கணவர் பலமாகத் தலையாட்டினார்.

நடக்கக் கூடாத வீட்டில்தான் நடப்பதற்கு எத்தனை இடம் இருக்கிறது என்று தெரிகிறது. கட்டிலிலிருந்து கதவு, கதவிலிருந்து கட்டில். ஓட்டில் மழை. பெருமாள் கோவிலில் சங்கு ஊதினால் இன்ன நேரம் என்று கணக்குப் போடுவேன், அடுத்த சங்குக்குக் காத்திருப்பேன், அது ஊதுகிற பாடாக இராது. நாத்தனார் தெருக் கதையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவாள். என் கணவர் காலையில் குளித்துக் கோவிலுக்குப் போய்த் தரிசனம் முடித்து, நெற்றியில் சந்தனக் கீற்றோடு வந்து, இலைத்துண்டில் வைத்துக் கொடுத்த சந்தனத்தையும் பூவையும் என்னிடம் நீட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கோவிலுக்குப் போகாத காலை கிடையாது. அந்த இலைத்துண்டை வாங்கும்போது நான் கேட்பேன்: “ஊர்லேந்து ஏதாவது சேதி உண்டா?”

“சுகமாட்டு இருக்காராம்” என்பார்.

ஒருநாள் காலையில் அவர் அறைக்கு வரவில்லை. கச்சேரி வேலையாக அவசரமாக நெய்யாற்றின்கரை போயிருக்கிறார் என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு நிற்காமல் அடுக்களைக்குப் போய்விட்டாள். அன்றைக்குத் தெருக் கதை ஒன்றும் இல்லை. கஞ்சி கொண்டுவந்து வைத்தாள், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள், அவ்வளவுதான். மழை விட்டால் கொல்லையில் பேசுவது கேட்குமே என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை விடவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் திரும்பினார். கூடத்து வழியாக வரவில்லை, பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனார். கிணற்று உருளை கிறீச்சிட்டது. பச்சைத் தண்ணீர் வாளி வாளியாக விழும் சத்தம் கேட்டது. தும்மல் வந்தாலே வெந்நீர் போடச் சொல்லுகிற மனிதர், கொட்டுகிற மழையில் கிணற்றடியில் தலைமுழுகுகிறார். குளித்துவிட்டு வந்து அறை வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. “எப்படி இருக்கு கை?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டார்.

அடுத்த காலையில் இலைத்துண்டு வரவில்லை. அவர் நெற்றியில் சந்தனம் இல்லை.

“கோவிலுக்குப் போகலையா?”

“ஜலதோஷம்.”

“ஜலதோஷக்காரா யாராவது மழையிலே கிணத்து ஜலத்திலே குளிப்பாளா?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாத மனிதர் அவர். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்ரகாரத்தில் பிறந்த எவளுக்கும் இந்தக் கணக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மாமனார் போனால் மாப்பிள்ளைக்கு மூன்று நாள் தீட்டு, கோவில் வாசல் மிதிக்கக்கூடாது. அப்பா போனால் கல்யாணமான பெண்ணுக்கும் தீட்டு உண்டு, ஆனால் அது காதில் விழுந்த பிறகுதான். கேட்டால்தான் தீட்டு. கேட்காதவரைக்கும் இல்லை. எங்கள் தெருவில் கல்யாண வீட்டுக்குத் தந்தி வந்தால் முகூர்த்தம் முடிகிறவரைக்கும் அதைப் பிரிக்காமலே உத்தரத்தில் செருகி வைத்துவிடுவார்கள். பிரித்தால் அல்லவா யாரோ செத்தது? நானே அப்படி ஒரு கல்யாணத்தில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் தலைமுழுகியிருக்கிறேன்.

இப்போது என்னையே உத்தரத்தில் செருகி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. எனக்குச் சொன்னால் நான் அழுவேன், மருந்து பலிக்காது. சொன்னால் பச்சைத் தண்ணீரில் தலைமுழுக வேண்டும், தோள் மறுபடி பூட்டிக்கொள்ளும். சொல்லாவிட்டால் தீட்டும் இல்லை, முழுக்கும் இல்லை, கை பிழைத்தது. கணவர், நாத்தனார், வைத்தியர், தம்பி எல்லாரும் சேர்ந்து யோசித்துச் செய்த முடிவு. தெருவுக்கே தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் தெரியக்கூடாது.

எனக்கு வந்த கோபத்தை இப்போதும் சொல்லி முடியாது. நான் மகனாகப் பிறந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? எண்ணெய் வழிய வழியப் பலகையோடு தூக்கி பஸ்ஸில் போட்டுக்கொண்டு போயிருக்க மாட்டார்களா? கொள்ளி வைக்கிற கை என்றால் அது பூட்டியிருந்தாலும் வேண்டும். கோலம் போடுகிற கைக்குத்தான் இவ்வளவு பத்தியம். எழுந்து கூடத்துக்குப் போய், வீடு இடிந்து விழும்படி ஒரு சத்தம் போடலாமா என்று கதவுவரைக்கும் போனேன். கையைக் கதவில் வைத்தேன்.

அங்கேயே நின்றுவிட்டேன்.

கத்தினால் அவர் சொல்லுவார். சொன்னால் கேட்டதாகிவிடும். கேட்டதும் அப்பா செத்துப்போவார். கேட்காதவரைக்கும் அவர் ஊரில், எங்கள் வீட்டுக் கூடத்தில், காலைச் சாய்த்துக்கொண்டு, மகள் எப்போது கையைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அசட்டுத்தனம்தான். சாஸ்திரத்தில் நான் நம்பாத சங்கதி எத்தனையோ உண்டு, அந்த ஒரு வரியை மட்டும் அந்தக் கதவருகில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இடது கையால் செய்த சத்தியமும் ஞாபகம் வந்தது. பாதியிலே எழுந்து ஓடாதே என்று சொன்ன மனிதருக்காகவே பாதியில் எழுந்து ஓடுவதா? திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு கழிந்த நாட்கள்போல் ஒருநாளும் என் வாழ்க்கையில் கழிந்ததில்லை. உட்காருவேன், எழுந்திருப்பேன். ஜன்னல் கதவின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்ப்பேன், ஈரச் சுவர் தெரியும், திரும்பி வருவேன். ஒரு வேளை தப்பாக எண்ணிக்கொண்டோமோ, உண்மையிலேயே ஜலதோஷம்தானோ என்று தோன்றும். உடனே கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பேன். திறந்த வாயில், “கஞ்சிக்கு உப்புப் போறலை” என்று வேறு எதையாவது சொல்லி மூடுவேன். தலையணையில் முகத்தை அழுத்தினால் அழுகை வந்துவிடும் என்று தலையணையையே கட்டிலுக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தேன். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. வைத்தியர் தோளுக்குச் செய்தார், தாடைக்கு யார் செய்வது?

தீட்டு நாள் கழிந்ததும் கணவர் மறுபடி சந்தனக் கீற்றோடு வந்தார். இலைத்துண்டை நீட்டினார். வாங்கி, நெற்றியில் இட்டுக்கொண்டேன். தகப்பன் போன பெண் சந்தனம் இட்டுக்கொள்கிறாளே என்று அவருக்கு எப்படியிருந்ததோ, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அவர்மேல் கோபமாகவும் வந்தது, பாவமாகவும் வந்தது. இரண்டையும் காட்டக்கூடாத காலம்.

வைத்தியர் வந்து நாடி பிடித்தார். நெடுநேரம் விரலை எடுக்கவில்லை.

“மனசு இளகியிட்டுண்டோ?”

“இல்லையே. நன்னாத்தான் இருக்கேன்” என்றேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் சுவரைப் பார்த்தார். நான் மூன்று பேருக்காகவும் அடைத்த ஜன்னலைப் பார்த்தேன்.

ஊர்ச் சேதி கேட்பதை நான் நிறுத்தியிருந்தேன். அதை ஒருவரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்துச் சந்தோஷப்பட்டார்கள். அடுக்களையில் நாத்தனார் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது: “நல்லிருக்கை மன்னியைச் சாதுவாக்கிடுத்து அண்ணா. ஒரு வார்த்தை அதிர்ந்து பேசலை, கேட்டேளா. இந்த வைத்தியம் மின்னாடியே பண்ணியிருக்கலாம்.”

சிங்க மாதம், நம் ஆவணி, பிறந்தது. மழை குறைந்து வெயில் தலைகாட்டியது. நல்லிருக்கை முடிகிற நாளன்று வைத்தியர் விடிந்ததும் வந்துவிட்டார். கூடத்துக்கு வரச் சொன்னார்கள். இத்தனை நாள் கழித்துக் கூடத்து வெளிச்சத்தில் கண் கூசியது.

“கை பொக்கிக்கோளு” என்றார் வைத்தியர்.

தூக்கினேன். தோள் மட்டத்தைத் தாண்டியது. காதருகில் வந்தது. தலைக்கு மேலே போய், அங்கேயே நின்றது. வலி இல்லை. நாத்தனார் கைதட்டினாள். என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார், சிரித்த கையோடு அவர் முகம் மாறியது. இன்றைக்குச் சொல்லியாக வேண்டும் அல்லவா? வைத்தியர் குடையை எடுத்துக்கொண்டு, இனி எல்லாம் ஆகலாம், குளிக்கலாம், யாத்திரை போகலாம் என்று சொல்லிவிட்டு அவசரமாகப் படியிறங்கினார்.

“செத்த உக்காரு” என்றார் என் கணவர். “ஒண்ணு சொல்லணும்.”

நாத்தனார் தூணுக்குப் பின்னால் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் உட்காரவில்லை. கூடத்தைத் தாண்டி, அடுக்களையைத் தாண்டிக் கொல்லைக்குப் போனேன். கிணற்றுக் கயிற்றை வலது கையால் பிடித்து இழுத்தேன். எத்தனையோ மாதம் கழித்து அந்தக் கயிறு என் கைக்கு வந்தது. செப்புக் குடத்தை நிறைத்தேன். இருவரும் பின்னால் ஓடி வந்தார்கள். “மன்னி, பச்சை ஜலம்!” என்று நாத்தனார் கத்தினாள். கட்டிய புடவையோடு நின்று, குடத்தை வலது கையால் தலைக்கு மேலே தூக்கினேன். முழுக் குடம், நல்ல கனம். கை நடுங்கவில்லை. தெற்கே பார்த்துக்கொண்டு நின்றேன், எங்கள் ஊர் அந்தப் பக்கம். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக் காட்டிவிட்டுத் தலையில் கவிழ்த்தேன்.

என் கணவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“உனக்கு யார் சொன்னா?”

“ஒருத்தரும் சொல்லலை. நீங்கதான் இப்போ சொல்லணும்” என்றேன். “சொல்லுங்கோ.”

அவர் சொன்னார். எந்த நாள், எந்த வேளை, கடைசியில் யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன கேட்டார் என்று எல்லாம் சொன்னார். பெண்ணுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம், அவள் முடிக்கட்டும் என்று அப்பாவே சொன்னாராம். நான் அழுதேன். கத்தினேன். அவரையும் நாத்தனாரையும் வைத்தியரையும் பெயர் வைத்துத் திட்டினேன். அப்பாவையும் திட்டினேன். பக்கத்து வீட்டுக் கொல்லைக் கதவு திறந்து மூடுகிற சத்தம்கூடக் கேட்டது.

எல்லாம் ஓய்ந்ததும் மறுபடி கயிற்றைப் பிடித்தேன். முதல் குடம் அப்பாவுக்குக் காட்டியது, அது கணக்கில் சேராது. தீட்டுக்கு இன்னொரு குடம் இறைத்து ஊற்றிக்கொண்டேன்.